வாசலில் தொங்கும் கிழங்கு



அமாவாசைக்கு முந்தின நாள்களில் கள்ளக்குறிச்சிக் கடைவீதி வழியே செல்வோர், சாலையோரம் சாக்கு விரித்துச் சிலர் ஒருவகைக் கிழங்கு விற்பதைக் கண்டிருக்கலாம். சேனையுமன்று, கருணையுமன்று. மேலே பருத்து அடியில் கூம்பிய, பெரிய முள்ளங்கி போன்ற உருவம்; தடித்துச் சொரசொரத்த தோல். வாங்குவோர் அதனை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவதில்லை. மஞ்சள் பூசிக் குங்குமமிட்டுக் கயிற்றில் கட்டித் தலைவாசலில் தொங்கவிடுகின்றனர். அதற்கு ஆகாசகருடன் என்று பெயர். சில நாள்களில், ஒரு பிடி மண்ணும் ஒரு சொட்டு நீரும் இன்றி, அக்கிழங்கு துளிர்க்கிறது. கொடி இருபுறமும் நீள்கையில் சிறகு விரித்த கருடனைப் போலத் தோன்றுமாம். கருடன் இருக்கும் வீட்டில் பாம்பு நுழையாது, கண்ணேறு படாது, ஏவலும் சூனியமும் அண்டா என்று சொல்லி விற்கிறார்கள். துளிர்த்தால் வீடு தழைக்கும். வாடினாலோ வீட்டுக்கு வரவிருந்த கேட்டைக் கிழங்கு தான் வாங்கிக்கொண்டது. ஆகவே விற்பவர் எப்படியும் தோற்பதில்லை!

நம் இறைமக்களின் இல்லங்களிலும் இதனைக் காண்கிறோம். உள்ளே திரு இருதய ஆண்டவர் படம், வெளியே ஆகாசகருடன். இதைக் கண்டிக்க ஒரு கட்டுரை எழுதுவது எளிது. அத்தகைய மறையுரைகளை நாமே பலமுறை ஆற்றியிருக்கிறோம். ஆனால் இன்று எழுத வந்தது வேறு. இக்கிழங்குக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்றுச் சில திங்களே ஆகியிருந்த காலத்தில், கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு கிளைப்பங்கிற்கு வீடு மந்திரிக்கச் சென்றோம். பாஸ்கா விழா கழிந்த இரண்டாம் வாரம். நல்ல வெயில். உபதேசியார் தீர்த்தச் செம்போடு முன்னே நடந்தார். கடைசித் தெருவில், பனையோலை வேய்ந்த ஒரு வீட்டின் வாசலில், இக்கிழங்கு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குருமடத்திலிருந்து கொண்டுவந்த சூடு இன்னும் தணியாத வயது. முதற்கட்டளையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். பிறகு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளாமலே, உபதேசியாரிடமிருந்த கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்துக் கிழங்கைக் குப்பைமேட்டில் எறிந்தோம். வீட்டில் இருந்தவர் கைம்பெண்ணான ஒரு மூதாட்டி. அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. "சாமி, அதுக்கு உசிரு இருக்கு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதையும் ஒரு மூடநம்பிக்கையென்றே அன்று எடுத்துக்கொண்டோம்.

மாதா பிறப்பு விழாவுக்காகச் செப்டம்பர் மாதம் அவ்வூருக்கு மீண்டும் சென்றபோது, அந்தக் குப்பைமேட்டை ஒட்டிய கள்ளிவேலி முழுவதும் ஒரு கொடி படர்ந்திருந்தது. ஐந்து விரல் விரித்தாற்போன்ற இலைகள்; கடுகினும் சற்றே பெரிய பசுமஞ்சள் பூக்கள்; இடையிடையே, அடியும் நுனியும் பச்சையாகவும் நடுப்பகுதி மட்டும் செக்கச்செவேலெனவும் இருந்த, கிளிமூக்குப் போல் கூரிய சிறு பழங்கள். பாட்டி பாத்திரம் கழுவிய நீரை அதன் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் சிரித்தார். "சாமி அறுத்துப் போட்டீங்க. சரின்னு விட்டேன். அது சாகலை. கயித்துல தொங்கினப்ப ஒருநாளும் இத்தனை இலை விட்டதில்லை" என்றார்.

அன்றுதான் அவர் கதையைக் கேட்டோம். மழைக்காலத்து நள்ளிரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவர் கணவர் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். கடிபட்டது அவருக்கே தெரியவில்லை. சிறிது நேரத்தில் கண்ணிமைகள் தொங்கின, நாக்குக் குழறியது. அப்போதுதான் பாம்பு என்று ஐயுற்று, யாரோ இதே கிழங்கை அரைத்துப் புகட்டினர். விடியற்காலை முதல் பேருந்து வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. "வாசல்ல கருடன் கட்டாததால்தான் இப்படி ஆச்சுன்னு ஊர்ல சொன்னாங்க சாமி. பேரப்பிள்ளைகளாவது பிழைக்கட்டும்னு கட்டினேன்."

அவர் அஞ்சியது பேய்க்கன்று, கட்டுவிரியனுக்கு. நாம் கயிற்றை அறுத்த நாளில் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது முதற்கட்டளை மட்டுமன்று. தரையில் படுக்க வேண்டா, கட்டிலும் கொசுவலையும் வாங்குவோம், கடிபட்டால் எந்த மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கேளாமல் அறுத்துவிட்டோம்.

அந்தக் கொடியைப் பற்றி அறியவேண்டும் என்ற ஆவல் அன்று பிறந்தது. இது பூசணி, சுரை, பாகல், கோவை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்லங்கோவை என்றும் இதற்குப் பெயருண்டு. இதனைத் தாவர நூலில் முதன்முதல் பதிவு செய்தவர் ஒரு மறைப்பணியாளர் என்று அறிந்தபோது வியந்தோம். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1836-இல் சென்னையில் மறையும்வரை தமிழகத்திலேயே வாழ்ந்த லுத்தரன் போதகர் யோவான் பீட்டர் ராட்லர் அவர். தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்த பெருமையும் அவருக்கு உண்டு. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்வந்த பயணத்தில் வழியில் கண்ட செடிகொடிகளைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை 1803-இல் பெர்லினில் அச்சாயிற்று. அதில் இக்கொடியும் இடம்பெற்றது. நிலத்தின்மேல் என்று பொருள்படும் 'எபிஜியா' என்ற அடைமொழியை அவர் சூட்டினார். பின்வந்தோர் பவளக்கனி என்று பொருள்படும் 'கொரல்லோகார்ப்பஸ்' என்ற இனத்தில் இதனைச் சேர்த்தனர். செக்கச்செவேலென்ற அப்பழத்தை ஒருமுறை பார்த்தவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

நம் காலத்திலும் ஒரு குரு இப்பணியைத் தொடர்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக்கூடத்தைக் கட்டி வளர்த்த இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ அவர்கள், சமவெளியிலும் கிழக்குத் தொடர் மலைகளிலும் கால்நடையாகத் திரிந்து சேகரித்தவற்றைக்கொண்டு, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றி 1981 முதல் 1988 வரை பெருந்தொகுதிகள் வெளியிட்டார். 2004-இல் அவர் மறைந்தார். பூசை செய்யும் கை புல்லையும் பூண்டையும் ஏன் பறிக்கவேண்டும் என்று கேட்போர்க்கு அத்தொகுதிகளே விடை.

இப்படி அடித்தண்டோ வேரோ பருத்து, நீரையும் மாவையும் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகளைத் தோட்டக்கலைஞர்கள் 'காடெக்ஸ்' செடிகள் என்கின்றனர். அரபு நாட்டிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்து இன்று நம்மூர் நாற்றுப் பண்ணைகளிலெல்லாம் விற்கும் பாலைவன ரோஜா இவ்வகையில் பெயர் பெற்றது. காடெக்ஸ் என்பது அடிமரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல். மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டி எழுதிய பழக்கத்தால், அதே சொல் 'கோடெக்ஸ்' எனத் திரிந்து நூலுக்கும் சட்டத்தொகுப்புக்கும் பெயராயிற்று. 1983-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது. குருமடத்தில் அத்தொகுப்பைப் பாடம் படித்த நமக்கு, அதற்கும் வாசல் கிழங்குக்கும் பெயரளவில் உறவுண்டென்று தெரிய முப்பது வயது கடக்கவேண்டியிருந்தது.

சரி, மண்ணும் நீருமின்றி அது எவ்வாறு துளிர்க்கிறது? இதில் அதிசயம் உண்டு, மந்திரம் இல்லை. கல்வராயன் மலைமேல், சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2,700 அடியும் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடியும் உயர்ந்த குளிர்ந்த பகுதி. இக்கொடி விரும்புவது அந்த உயரத்தையன்று. அடிவாரத்துக் கரட்டுநிலமும், முட்புதரும், கள்ளிவேலியும், சரளை கலந்த செம்மண்ணுமே அதன் இடம். அங்கே ஆண்டில் பாதி நாள் ஈரம் இராது. மழை பெய்யும் சில மாதங்களில் இலை தயாரித்த உணவையெல்லாம் கிழங்கு வாங்கி வைத்துக்கொள்கிறது. தை, மாசியில் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். மேலே ஒரு சுவடும் இல்லாமல் கிழங்கு நிலத்தினுள் உறங்கும். வெப்பம் ஏறியதும், கோடைமழையை எதிர்பார்த்து, சேமிப்பைச் செலவிட்டு முன்கூட்டியே துளிர்விடும். மழை வந்துவிட்டால் செலவிட்டதை மீட்டுக்கொள்ளும்.

வாசலில் தொங்கும் கிழங்கும் அதே கணக்கில்தான் துளிர்க்கிறது. ஆனால் அதற்கு மழை வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டார் அறைவீட்டில் கொண்டுவந்து ஒப்படைத்த கிழங்கை அப்படியே கயிற்றில் தொங்கவிட்டு, மாதந்தோறும் சமையற்கட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். கொடி நீள நீள எடை குறைந்துகொண்டே வந்தது. இரண்டாம் ஆண்டில் தோல் சுருங்கிற்று. விட்ட கொடி நூல்போல் மெலிந்தது. காற்றை உண்டு வாழ்கிறது என்று நாம் வியக்கும் நாளெல்லாம் அது தன் உடலையே உண்டுகொண்டிருக்கிறது. சுருங்கினதும் வீட்டார் தூக்கியெறிந்துவிட்டு அடுத்த அமாவாசைக்குப் புதிதாக ஒன்று வாங்குகின்றனர். சந்தைக்கு வரும் கிழங்கு பெரும்பாலும் பயிரிட்டதன்று, கரட்டில் தோண்டியது. அத்தனை பெரிதாகத் திரள அதற்குப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஆகவே, வீட்டில் ஆகாசகருடன் வைத்திருப்போர்க்கு நம் வேண்டுகோள், அதனை அறுத்தெறியவேண்டா, இறக்கி நடுங்கள் என்பதே. நடும் முறையைச் சற்று விரித்தே சொல்கிறோம். நாம் இரண்டு கிழங்குகளை அழுகவிட்ட பின்னரே கற்றது இது.

கயிறு இறுகிய இடத்திலோ தோண்டும்போது வெட்டுப்பட்ட இடத்திலோ புண் இருந்தால், அழுகிய பகுதியைச் சுத்தமாகச் சீவி, அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் நாலைந்து நாள் உலரவிட வேண்டும். ஈரப்புண்ணோடு நட்டால் நிச்சயம் அழுகும். முதற்கிழங்கை நாம் இழந்தது அப்படித்தான். தொட்டி அகலமானதாகவும், மண்ணால் செய்ததாகவும், அடியில் நல்ல துளையுள்ளதாகவும் இருக்கட்டும். செம்மண் இரு பங்கு, ஆற்றுமணலோ உடைத்த செங்கற்சல்லியோ ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைக்குப்பை ஒரு கை. பச்சைச் சாணம் கூடவே கூடாது. கரிசலும் களியும் உதவா. பழைய கொடி முறிந்த தழும்பு இருக்கும் பக்கமே மேற்பக்கம். அதனைப் பார்த்துக்கொண்டு, கிழங்கின் மூன்றிலொரு பங்கு வெளியே தெரியுமாறு நடவேண்டும். காட்டில் முழுதும் புதைந்தே வளரும். ஆனால் தொட்டியில் கழுத்து வெளியே இருந்தால் அழுகல் தொடங்குவதைக் கண்டுகொள்ளலாம், பார்வைக்கும் அழகு.

நட்டவுடன் நீர் ஊற்றவேண்டா. நம் தாய்மார்களுக்கு இதுதான் மிகக் கடினம்! துளிர் ஓர் அங்குலம் வந்தபின் தொடங்கினால் போதும். பிறகு மேல்மண் விரலுக்கு உலர்ந்து தட்டுப்படும்போது மட்டும் நிறைய ஊற்றி, வடியவிட வேண்டும். கிழங்குக்கு நிழல் வேண்டும், கொடிக்கு வெயில் வேண்டும். வேலியோரத்தில் அதற்கு இயல்பாகக் கிடைப்பது அதுவே. ஆகவே தொட்டியைச் சுவரோரம் வைத்து, ஒரு முள்ளுக்குச்சியோ கயிறோ கட்டிவிட்டால், பற்றுக்கம்பிகளால் தானே ஏறிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்திற்குள் நகர்த்துக. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் பலர் பதறி நீரை மிகுதியாக ஊற்றுவர். இரண்டாங்கிழங்கை நாம் இழந்தது அந்தப் பதற்றத்தால். அது நோயன்று, உறக்கம். நீரை நிறுத்திவிட்டுச் சித்திரைவரை மறந்துவிடுக. இடையே கிழங்கை விரலால் அழுத்திப் பார்க்கலாம்: கெட்டியாக இருந்தால் நலம், குழைந்தால் தோண்டியெடுத்துச் சீவவேண்டும்.

ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கும். நீண்ட காம்பின் நுனியில் கொத்தாக நிற்பவை ஆண்பூக்கள். பெண்பூ பெரும்பாலும் தனித்திருக்கும். எறும்பளவு பூச்சிகள் வந்து போகும். பழம் முற்றினால் அடியிலிருந்து தொப்பிபோலக் கழன்று வித்துகள் வெளிப்படும். வித்திலிருந்தும் வளர்க்கலாம். முதலாண்டிலேயே சுண்டுவிரல் அளவு கிழங்கு வைக்கும். பொறுமையுள்ளவர்க்கே அது ஏற்றது.

ஓர் எச்சரிக்கை. இக்குடும்பத்தில் கறிக்காகும் காய்களும் உண்டு, கொடிய கசப்பும் உண்டு. எலிசேயு இறைவாக்கினரின் சீடர்கள், பஞ்சகாலத்தில் அறியாத காட்டுக்கொடியின் காய்களைப் பறித்துக் கூழிலிட்டு, பானையில் சாவு இருக்கிறதென்று அலறிய நிகழ்ச்சி அரசர்கள் இரண்டாம் நூலில் நான்காம் அதிகாரத்தில் உள்ளது. அதுவும் இவ்வினத்துக் கொடியென்றே விளக்கவுரையாளர் பலர் கருதுவர். ஆகாசகருடன் கிழங்கும் மிகக் கசப்பானது, கடுமையாகப் பேதியாக்குவது. நாட்டு மருத்துவத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் அளவறியாமல் வீட்டில் அரைத்துக் குடிக்கும் பொருளன்று. பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாமல் வைக்கவும்.

பாம்புக்கடிக்கு மட்டும் எக்காரணங்கொண்டும் அதை நம்பி ஒரு நிமிடத்தையும் இழக்கவேண்டா. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே முறிவு ஊசி தயாராகிறது. அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. இரவில் தரையில் படுத்தவர் திடீரென வயிற்றுவலி என்று எழுந்து, இமைகள் தொங்கத் தொடங்கினால், பல்குறி தெரியாவிடினும் உடனே 108-ஐ அழையுங்கள். கடித்த இடத்தைக் கீறவேண்டா, இறுகக் கட்டவேண்டா. நடக்கவிடாமல், கையையோ காலையோ அசையாது வைத்துக் கொண்டுசெல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வாசலில் சொல்லத் தவறியதை இப்போதாவது சொல்லிவிட்டோம்.

அண்மையில் மறைக்கல்வி வகுப்பில் ஓர் இளைஞர் எழுந்து, "சாமி, குருத்து ஞாயிறு அன்று நீங்கள் மந்திரித்துத் தந்த ஓலைச் சிலுவையையும் எங்கள் அம்மா வாசலில்தான் கட்டியிருக்கிறார். அதற்கும் கிழங்குக்கும் என்ன வேறுபாடு?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. ஓலை எதையும் தடுக்கும் என்று திருச்சபை வாக்களிப்பதில்லை, எருசலேமில் அவரை வரவேற்றவர்களோடு நாமும் நின்றதற்கு அது அடையாளம், அடுத்த ஆண்டு அதனையே எரித்துச் சாம்பலாக்கி உங்கள் நெற்றியில் பூசுகிறோம், தன்னால் காப்பாற்ற முடியும் என்று சொல்லிக்கொள்ளும் பொருளை எரிப்பார்களா என்றோம். அவர் அமர்ந்தார். ஆனால் ஓலையைக் கட்டும்போது அவர் அம்மாவின் உள்ளத்தில் இருப்பது இதுதானா என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அஞ்சுகிறவர் கையில் எது கிடைத்தாலும் அது கயிற்றில் ஏறிவிடும். அச்சத்தை விசாரியாமல் கயிற்றை மட்டும் அறுத்துவந்த குரு ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டி இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகளாகின்றன. அந்தக் கள்ளிவேலியையும் வீடு கட்டுவதற்காக அகற்றிவிட்டார்கள். அவர் ஒரு காகிதத்தில் மடித்துத் தந்த வித்துகளின் வழிவந்த கொடிகள், நாம் மாறிச்சென்ற பங்குகள் தோறும் அறைவீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இப்போதுள்ள கொடியில் இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருக்கிறது. கொண்டைக்குருவிகள் முந்திக்கொள்ளாவிட்டால் வித்து மிஞ்சும். வேண்டுவோர் கார்த்திகை பிறந்தபின் ஒரு தொட்டியோடு வரலாம். கயிற்றோடு வருவோர்க்குக் கிழங்கு தருவதற்கில்லை.